எடைமேடைக் குழியின் சாரைகள்

நாற்பது டன் லாரியை எடை போடுகிறவருக்குக் 'கிராம்' என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் டிரைவர்கள். முதலில் வாயைத் திறந்தவர் யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வண்டியை மேடையில் ஏற்றிவிட்டு, "கிராம் அண்ணே, சீட்டு" என்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவார்கள். அவரும் முகம் சுளிக்காமல் கொடுப்பார். யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பின்னால் வேறு யாரோ நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்ப்பார்.

பெயருக்குக் காரணம் மேடைக்கு அடியில் இருந்தது. எடைமேடை பார்ப்பதற்குச் சாலையின் ஒரு துண்டு மாதிரி இருக்கும். அந்த இரும்புத் தளத்துக்குக் கீழே ஆள் குனிந்து நடக்கிற உயரத்தில் ஒரு குழி உண்டு. தளத்தைத் தாங்குகிற கருவிகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் சேறோ கல்லோ சிக்கினால் எடை தப்பும். ஆகவே வாரம் ஒருமுறை இரும்பு ஏணி வழியாக இறங்கிக் குழியைச் சுத்தம் செய்ய வேண்டும். மேலே தானிய லாரிகள், சிந்துகிற தானியத்துக்கு எலிகள், எலிகளுக்குப் பின்னால் சாரைப் பாம்புகள். பக்கத்து வாய்க்காலில் தவளைக்கும் குறைவில்லை. ஒரு சாரைக்கு இதைவிட நல்ல விலாசம் கிடைப்பது சிரமம்.

அவருக்கு முன்னால் வேலை பார்த்தவர் தடியோடு இறங்குவாராம். இவரும் முதல் மாதம் தடியோடுதான் இறங்கினார். மூலையில் இரண்டு சாரைகள் கிடந்தன. இரண்டும் ஏறக்குறைய ஐந்தரை அடி. ஒன்று உலக்கை மாதிரி இருந்தது, மற்றது கொடிக்கயிறு மாதிரி. அவர் தடியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். இரக்கத்தால் அடிக்காமல் விட்டார் என்று சொன்னால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். விஷயம் புரியவில்லை, அவ்வளவுதான். ஒரே குழி, ஒரே எலி. பின்னே ஏன் இப்படி?

இந்தக் கேள்வி வேறொருவருக்கு வந்திருந்தால் ஏணி ஏறி வெளியே வருவதற்குள் போயிருக்கும். இவர் காலையிலிருந்து மாலைவரை காலி வண்டியின் எடையையும் பாரம் ஏற்றிய வண்டியின் எடையையும் குறித்துக்கொண்டிருப்பவர். ஒரே கம்பெனி, ஒரே மாடல் லாரி இரண்டு காலியாக வந்தால் எடை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். நிறைய வித்தியாசம் தெரிந்தால் யாரோ ஏதோ வேலை காட்டியிருக்கிறார் என்று பொருள்: ஸ்டெப்னி டயரைக் கழற்றி வைத்திருப்பார், அல்லது டாங்கில் டீசல் இருக்காது. வித்தியாசம் என்றாலே அவருக்குத் திருட்டுத்தனம். ஆனால் இந்தப் பாம்புகள் யாரை ஏமாற்றப் போகின்றன?

அந்த வாரமே ஒரு சிறிய தராசும் வளைந்த கம்பியும் நாலு துணிப்பைகளும் வாங்கினார். விஷப் பாம்பு தென்பட்டால் வனத்துறை ஆபீசுக்குப் போன் செய்துவிட்டு மேலேயே நின்றுகொள்வார். அந்த மட்டில் அவருக்கு வீரம் கிடையாது. சாரையென்றால் பிடித்து, எடை பார்த்து, நீளம் அளந்து, நோட்டில் எழுதி, வாய்க்கால் கரையில் விட்டுவிடுவார். பத்து நாளில் அதுவே திரும்பவும் குழிக்கு வந்திருக்கும். தழும்பையும் செதில் உடைந்த இடத்தையும் வைத்து அடையாளம் கண்டுகொள்வார். அப்போதும் அளப்பார். பதினோரு வருஷத்தில் மூன்று நோட்டுகள், நானூறுக்கு மேல் அளவுகள்.

எடை விஷயத்தில் அவரிடம் ஒரு குறை சொல்ல முடியாது. பையை ஒவ்வொரு முறையும் தனியாக எடை போட்டுக் கழிப்பார். ஈரப் பை முப்பது கிராம் கூடக் காட்டும் என்பது அவருக்குத் தெரியும். பாம்பின் வயிற்றைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து 'உள்ளே எலி' என்றோ 'முட்டை' என்றோ ஓரத்தில் எழுதுவார். ஒருமுறை எழுநூற்றிருபது கிராம் என்று எழுதி முடிப்பதற்குள் ஒரு சாரை பயத்தில் எலியைக் கக்கிவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு எலியைத் தனியாக எடை போட்டார். நூற்று நாற்பது. ஜன்னலில் காத்திருந்த டிரைவர், "அண்ணே, லோடு இறக்கியாச்சு, காலி வண்டி எடை குறிச்சுக்கோங்க" என்றார்.

நீளத்துக்கு ஒரு பலகை. அதில் சென்டிமீட்டர் கோடுகளை அவரே கீறியிருந்தார். தலையை அவர் பிடித்துப் பலகையின் நுனியில் வைப்பார், வாலை அவர் மனைவி பிடித்து நேராக்கி எண்ணைப் படிப்பார். மேடைக்குப் பின்னால்தான் அவர்கள் குடியிருந்த இரண்டு அறை வீடு. மத்தியான நேரத்தில் லாரி வராத அரைமணி கிடைத்தால், "ஏய், வால்" என்று குரல் கொடுப்பார். கையைத் துடைத்துக்கொண்டு மனைவி வருவார். மகள் வேறு ஊரில் கல்யாணமாகிப் போனவள். "என்னம்மா பண்றே" என்று அவள் போனில் கேட்டால், "உங்கப்பாவுக்கு வால் பிடிச்சுக்கிட்டிருக்கேன்" என்பார் அம்மா. அது பொய்யும் இல்லை.

ஐந்து வருஷம் அப்படி ஓடியது. பிறகு மனைவிக்கு ஒரு கிளினிக்கில் உதவியாளர் வேலை கிடைத்தது. பகல் முழுக்க வீட்டில் இல்லை. தனி ஆளாகச் சாரையை நேராக்குவது நடக்காத காரியம். யோசித்து ஒரு பெட்டி செய்தார். அடியில் ஸ்பாஞ்சு, மேலே கண்ணாடி. பாம்பை ஸ்பாஞ்சில் விட்டுக் கண்ணாடியை மெல்ல அமுக்கினால் அசையாமல் கிடக்கும். அதன் முதுகை ஒட்டிக் கண்ணாடிமேல் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, கோட்டின்மேல் நூலைப் படியவைத்து, அந்த நூலை அளப்பார். வேலையும் சுலபம், பாம்புக்கும் வலியில்லை.

பதினோராவது வருஷம் கல்லூரி விலங்கியல் டீச்சர் ஒருவர் மேடையை ஒட்டிய தானியக் குடோனுக்கு எலி பற்றி ஏதோ விசாரிக்க வந்தார். டிரைவர்கள், "பாம்புக்கு ஜாதகம் எழுதற ஆள் இங்க ஒருத்தர் இருக்கார், பாக்கறீங்களா" என்று அழைத்து வந்தார்கள். டீச்சர் முதல் நோட்டை நின்றபடி புரட்டினார். இரண்டாவது நோட்டுக்கு உட்கார்ந்தார். மூன்றாவதற்கு, "சார், இதை எல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா" என்றார். அவர் தயங்கினார். "ரசீது எழுதித் தரேன்" என்றார் டீச்சர். அந்த வார்த்தையில் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து டீச்சர் நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்க லேப்டாப்போடு வந்தார். திரையில் புள்ளிகள். கீழே நீளம், பக்கவாட்டில் எடை. ஒரு தடவை அளந்தது ஒரு புள்ளி.

"நீலம் எல்லாம் முதல் அஞ்சு வருஷம். சிவப்பு அதுக்கப்புறம். சிவப்பு எல்லாம் மேல நிக்குது பாருங்க."

"ஒரே நீளத்துக்கு எடை கூட."

"அதேதான். ஆறாவது வருஷத்துலேர்ந்து உங்க சாரைங்க குண்டாயிடுச்சு. அந்த வருஷம்தானே ரெண்டாவது குடோன் வந்தது? தானியம் கூட, எலி கூட, பாம்புக்குச் சாப்பாடு கூட." அடுத்த வாரம் வேறொரு நகரத்தில் நடக்கும் கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேசப் போவதாகச் சொல்லி, டீச்சர் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். தலைப்புக்குக் கீழே டீச்சர் பெயர், அதற்குப் பக்கத்தில் அவர் பெயர். பட்டப்பெயர் இல்லை, அம்மா அப்பா வைத்த பெயர்.

அவர் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு, "எந்த மாசத்துலேர்ந்து மாறுது?" என்று கேட்டார். பழக்கதோஷம்.

டீச்சர் தேடிப் பார்த்தார். "ஆறாவது வருஷம், மூணாம் மாசம். அங்கேர்ந்து சிவப்பு."

அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். தாளை மனைவி அலமாரியின் கண்ணாடிக்குப் பின்னால் எல்லோருக்கும் தெரியும்படி செருகி வைத்தார். மகளுக்குப் போன் போயிற்று. இவர் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இரண்டாவது குடோனுக்கு வந்த செங்கல் லாரிகளை எடை போட்டவர் அவர்தான். செங்கல் வந்ததே அந்த வருஷம் ஆறாம் மாசத்தில். குடோன் திறந்தது அதற்கடுத்த வருஷம். குடோன் கட்டுவதற்கு முன்னாலேயே அதன் எலியைத் தின்று சாரைகள் எப்படிக் குண்டாகும்? தவிரவும், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறும். ஒரு மாதத்தில் எல்லாப் பாம்பும் படியேறுகிற மாதிரி மேலே ஏறினால், மாறியது பாம்பில்லை. லாரி மாறாமல் எடை மாறினால் அவர் முதலில் பார்ப்பது மேடையைத்தான்.

நோட்டை எடுத்தார். கழுத்தில் வெந்த தழும்புள்ள ஒரு சாரை ஐந்தாம் வருஷக் கடைசியில் நூற்று எழுபத்தொன்று. ஆறாம் வருஷம் நாலாம் மாதம் அதே சாரை நூற்று அறுபத்தாறு. வால் முழுசாக இருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதியிருந்தார். ஐந்து சென்டிமீட்டர் எங்கே போயிற்று?

மனைவி பக்கத்து அறையில் கிளினிக் யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்தது ஆறாம் வருஷம் மூன்றாம் மாதம்.

"வாலை நீ பிடிப்பியே, எப்படிப் பிடிப்ப?"

"இத்தனை வருஷம் கழிச்சு இப்ப என்ன விசாரணை?"

"விசாரணை இல்ல. கேக்கறேன்."

"கையாலதான் பிடிப்பேன்."

"இழுப்பியா?"

"இழுக்காம எப்படி நேரா வரும்? அது என்ன ஸ்கேலா?"

"நேரா வந்ததுக்கு அப்புறமும் இழுப்பியா?"

இஸ்திரிப் பெட்டி சட்டைக் கழுத்தில் நின்றது. மனைவி அதைத் தூக்கி நிறுத்திவைத்தார். "கொஞ்சம்."

"ஏன்?"

"நீங்கதானே தலைப் பக்கத்துலேர்ந்து கேப்பீங்க, நூத்தி அறுபத்தெட்டா, எழுபது வருமா பாருன்னு. எழுபதுன்னு சொன்னா முகமே மாறிடும். அன்னிக்கு வீட்ல எந்தச் சண்டையும் கிடையாது. ரெண்டு சென்டிமீட்டர்ல ஒரு நாள் நிம்மதி கிடைக்கும்னா யார்தான் இழுக்க மாட்டாங்க?"

அவர் நோட்டை மூடினார். சிரிக்கலாமா என்று தெரியவில்லை. "எடையில இப்படிப் பண்ணியிருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் எடையில கை வைக்கல."

அவருக்கு உறைத்தது அந்த இடத்தில்தான். முன்பு வேலை பார்த்த மேடைகளையும் சேர்த்து, இருபத்தாறு வருஷமாக மனிதர்கள் எடையில் செய்கிற எல்லாத் தந்திரமும் அவருக்கு அத்துப்படி. நீளத்தில் யாரும் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை. அதனால் நீளம் தானாகவே உண்மையாக இருக்கும் என்று நினைத்துவிட்டார். இழுத்த பாம்பு நோட்டில் நீளமாயிற்று. நீளத்துக்கு அந்த எடை போதாமல் ஒல்லியாயிற்று. பெட்டி வந்ததும் பாம்புகள் தங்கள் நிஜ நீளத்துக்குத் திரும்பின, உடனே குண்டாகத் தெரிந்தன. உலகத்தில் எந்தச் சாரைக்கும் எதுவும் நடக்கவில்லை.

இரண்டு நாள் டீச்சருக்குப் போன் செய்யவில்லை. சொன்னால் அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தாள் வெறும் தாள். சொல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? பாம்புகள் வந்து வழக்குப் போடப் போவதில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு லாரி காலி எடைக்கு ஏறியது. தார்ப்பாய் நனைந்து கனத்துக் கிடந்தது.

"அவிழ்த்துட்டு வா."

"மழையில நனைஞ்சிடுச்சு அண்ணே. நானா நனைச்சேன்?"

"யார் நனைச்சாலும் எடை எடைதான்."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தார். "சரி, உங்க சீட்டுக்கு அப்பீல் கிடையாது." அது பாராட்டாகவே சொன்னதுதான். இவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். லாரி இறங்கியதும் போனை எடுத்தார்.

டீச்சர் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு வந்த கேள்வி அவர் எதிர்பார்த்ததல்ல. "எவ்வளவு இழுப்பாங்க?"

"அது தெரியாது மேடம்."

"தெரிஞ்சா கழிச்சுடலாமே. எல்லாத்துக்கும் ஒரே அளவு இழுத்திருந்தா நோட்டு பிழைச்சுக்கும்."

மனைவிக்கு விடுமுறை நாளன்று மூன்று சாரைகள் பைகளில் தயாராக இருந்தன. முதலில் பெட்டியில் ஒவ்வொன்றையும் அளந்தார்கள். பிறகு பரண்மேல் கிடந்த பலகையைத் துடைத்து எடுத்துவந்தார். தலையை அவர் பிடித்தார். டீச்சர் நோட்டோடு நின்றார்.

"அக்கா, அப்ப எப்படிப் பிடிப்பீங்களோ அப்படியே பிடிங்க."

மனைவி வாலைப் பிடித்தார். "அப்படியேன்னா முடியாது டீச்சர். இவர் அங்கேர்ந்து கேக்கணும்."

"கேளுங்க சார்."

"என்னன்னு கேக்கறது?" என்றார் அவர்.

"எழுபது வருமான்னு கேளுங்க" என்றார் மனைவி.

அவர் தொண்டையைச் செருமினார். "எழுபது வருமா?" பரீட்சைக்கு வந்த பையன் ஒப்பிப்பது மாதிரி இருந்தது. டீச்சர் நோட்டால் வாயை மறைத்துக்கொண்டார்.

"அந்தக் குரல் இது இல்ல" என்றார் மனைவி. ஆனாலும் இழுத்தார்.

முதல் சாரை பெட்டி அளவைவிட ஆறு சென்டிமீட்டர் கூட. இரண்டாவது முரடு. இறுகிப் பிடித்துக்கொண்டு இரண்டுக்கு மேல் தரவில்லை. மூன்றாவது பையில் கிடந்து களைத்துப் போயிருந்ததால் ஒன்பது தந்தது. முதல் சாரையை மறுபடி எடுத்து அளந்தார்கள். இந்த முறை மூன்றுதான். அதே பாம்பு, அதே கை.

டீச்சர் பேனாவை மூடினார். "கழிக்க முடியாது. முதல் அஞ்சு வருஷ நீளத்தை எடுத்துடணும்."

"உங்க பேச்சு?"

"குடோன் கதை போச்சு. அந்த நேரத்தை வேற யாராவது எடுத்துப்பாங்க. நீங்க சொல்லாம இருந்திருந்தா அங்க போய்ப் பேசியிருப்பேன். எல்லாரும் கை தட்டியிருப்பாங்க." டீச்சர் குரலில் கோபம் இல்லை, ஆனால் சந்தோஷமும் இல்லை. மனைவி சாரைகளை விட்டுவரக் கணவரை அனுப்பிவிட்டு டீ போட்டார். மூவரும் எடைமேடை அறையில் உட்கார்ந்து குடித்தார்கள்.

டீச்சருக்குக் கை சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. லேப்டாப்பைத் திறந்து நீலப் புள்ளிகளை எல்லாம் அழித்தார். ஆறு வருஷத்துச் சிவப்பு மட்டும் மிஞ்சியது. வயிற்றில் எலி இருந்தவற்றையும் முட்டை இருந்தவற்றையும் எடுத்தார். அப்படியும் புள்ளிகள் ஒரு கோடாக நிற்கவில்லை. சாக்கு அவிழ்ந்து சிந்தின மாதிரி பரவிக் கிடந்தன. நூற்று அறுபத்தைந்தை ஒட்டிய நீளத்தில் மட்டும் நானூறு கிராமில் ஐந்து, எண்ணூற்றைம்பதில் ஒன்று.

"கீழ இருக்கற அஞ்சு புள்ளி யார்?" என்று கேட்டார் டீச்சர்.

அவர் நோட்டைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "ஒரே ஆள். வலது கண்ணுக்கு மேல செதில் உடைஞ்சது. ஆறு வருஷத்துல அஞ்சு தடவை வந்திருக்கு. எல்லாத் தடவையும் நானூறை ஒட்டித்தான்."

"நோயோ?"

"நோயின்னா ஆறு வருஷம் தாங்குமா மேடம்? பிடிக்கறதுக்குள்ள என் உயிரை வாங்கிடும். அத்தனை வேகம்." கொஞ்சம் யோசித்தார். "அந்த எண்ணூத்தம்பது ஒரு தடவைதான் வந்தது. அப்புறம் காணோம்."

"அப்போ எது நல்லா இருக்குன்னு சொல்றது?" டீச்சர் தன்னையே கேட்டுக்கொண்டது மாதிரி இருந்தது. எடை போடுகிறவருக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. இத்தனை நாளும் நடுவில் இருக்கிற எடைதான் சரியான எடை என்றும், உலக்கையும் கயிறும் அதிலிருந்து தவறிப்போனவை என்றும் நினைத்திருந்தார். லாரிக்கு அது சரி, லாரியை ஒருவர் வரைந்து செய்கிறார். சாரைக்கு அப்படி வரைந்த தாள் ஏதாவது இருக்கிறதா? அவர் இதை வெளியே சொல்லவில்லை. சொல்லுமளவுக்கு இன்னும் தெளிவாகவில்லை.

ஒரு விளக்கமும் இல்லாமல் இந்தப் பரவலை மட்டும் சின்னக் குறிப்பாக எழுதலாம் என்றார் டீச்சர். யாரும் கை தட்ட மாட்டார்கள். ஒரு பக்கம் வரும், அவ்வளவுதான். "உங்க பேர் இருக்கும். அக்கா பேரும் போடலாமா?"

"என் அஞ்சு வருஷத்தையும் அழிச்சுட்டு என் பேரை மட்டும் வெச்சு என்ன பண்றது?" என்றார் மனைவி. "எடை சரிதானே? பை எல்லாம் நான் துவைச்சது. அதுக்கு வேணும்னா போடுங்க."

டீச்சர் போன பிறகு அவர் முதல் இரண்டு நோட்டுகளையும் மேஜையில் வைத்தார். நீளம் எழுதிய கட்டத்தை மேலிருந்து கீழாக ஒரே கோடாக அடித்துவிட நினைத்தார். பேனா போகவில்லை. அடித்தால் அளந்ததே இல்லை என்றாகிவிடும். அளந்தது நடந்தது. கடைசியில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுதத் தொடங்கினார்: 'எடை சரி. நீளம் சரியில்லை.' பத்துப் பதினைந்து பக்கம் ஆன பிறகு மனைவி பின்னால் வந்து நின்று படித்தார்.

"ஏன் சரியில்லைன்னு எழுதலையே. பாக்கறவங்க உங்களுக்கு அளக்கத் தெரியலைன்னுல்ல நினைப்பாங்க?"

அவர் 'வால் பக்கம் பிடித்தவர் கொஞ்சம் இழுத்தார்' என்று சேர்த்தார்.

"யாருக்காக இழுத்தாங்கன்னு?"

"அதெல்லாம் நோட்டுல எழுதற விஷயமா?"

"அஞ்சு வருஷத்தையே அழிக்குது. அது எழுதற விஷயம் இல்லையா?"

அவர் மறுபடி குனிந்தார். இருக்கிற இடம் போதவில்லை, ஓரத்தில் எழுத்தைச் சின்னதாக்கி, திருப்பித் திருப்பி மூன்று வரியில் அதையும் எழுதினார். அப்புறம் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். இன்னும் எண்பது பக்கம் இருந்தது.